பாட்டுக்கு முன்னால் இரண்டு வார்த்தை

துன்பப்பட்டவன் பாடினால்தான் சோகப் பாட்டு எடுபடும் என்று ஒரு காலத்தில் முழுமனதாக நம்பியிருந்தேன். அப்படியொரு நம்பிக்கை உள்ளவனை மேடைக்குக் கிட்டவே விடக்கூடாது. என்னை விட்டுவிட்டார்கள்.

மவுண்ட் ரோஸ்கில்லில் ஒரு பெயின்ட் கடையில் வேலை செய்கிறேன். வருகிற ஆள் வெள்ளை வேண்டும் என்றால், எந்த வெள்ளை என்று திருப்பிக் கேட்பதுதான் என் தொழில். (யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்பு என்ற ஒரேயொரு வெள்ளையோடு வளர்ந்தவன் நான்.) என்னோடு வேலை செய்கிற கிரஹாம் கடையின் வான் வண்டியை ஓட்டுபவர். சாமான் இறக்க ஆள் தேவைப்பட்டால் என்னையும் ஏற்றிக்கொண்டு போவார். அந்த வானில் எப்போதும் ஓடிக்கொண்டிருந்தது அமெரிக்கப் பழைய கண்ட்ரி இசை.

முதலில் அது எனக்குக் கல்யாண வீட்டுப் பாட்டு மாதிரித்தான் கேட்டது. துள்ளுகிற தாளம், சிரிக்கிற மாதிரி ஒரு கிட்டார். நானும் தலையாட்டிக்கொண்டு வந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொற்கள் பிடிபடத் தொடங்கியபோது திடுக்கிட்டுப் போனேன். ஒருவன் காதலியைக் கொன்று சோளக் காட்டில் புதைத்துவிட்டு, அந்த வருடம் சோளம் நன்றாக விளைந்தது என்று பாடிக்கொண்டிருந்தான். இன்னொரு பாட்டில் தகப்பன் குடிவெறியில் லொறியோட்டி வழியில் யாரையோ இடித்துவிட்டு, இறங்கிப் பார்த்தால் கிடப்பது சொந்த மகன். மற்றொன்றில் ஒருவனுக்கு வேலை போய், வீடு போய், மனைவியும் போய், மிஞ்சியிருந்த நாயும் கடைசி வரியில் செத்தது.

"இதைக் கேட்டால் உங்களுக்குக் கவலை வராதா?" என்று கிரஹாமைக் கேட்டேன்.

"வராது. நல்ல சுகமாக இருக்கும்," என்றார் அவர். "என்னைவிடக் கெட்ட நிலையில் ஒருத்தன் இருக்கிறானே."

அன்றைக்குத்தான் எனக்கு அந்த விபரீத எண்ணம் வந்தது. இது எங்கட ஆக்களுடைய சங்கீதம் அல்லவா? என் சொந்தக்காரர் கனடாவிலிருந்து போன் எடுத்தால் கதைப்பதும் இதே வரிசைதான். ஆர் செத்தது, ஆரின்ர வீடு போனது, ஆர் ஆரோடை ஓடினது. (தாளம் மட்டும்தான் குறைச்சல்.) கவ்பாய்த் தொப்பி போட்ட அந்த அமெரிக்கர்களுக்கு இல்லாத கஷ்டமெல்லாம் என்னிடம் இருக்கிறது. கஷ்டத்தில் நான் பட்டதாரி. எனக்குத் தேவை ஒரு கிட்டாரும் ஒரு தொப்பியும்தான் என்று முடிவு செய்தேன்.

கிட்டாரும் தொப்பியும் வாங்கினேன். முத்துப் பொத்தான் வைத்த சேர்ட்டும் வாங்கினேன். போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது என் மனைவி மாலினி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, இதென்ன கோலம்? மாடு மேய்க்கப் போறியளோ?"

"பாடப் போறன்."

"அதுக்கு மாடே மேய்க்கலாம்," என்றாள்.

கிரஹாம் எனக்குக் கிட்டாரில் மூன்று கோர்ட், அதாவது மூன்று விரல் பிடிப்பு, சொல்லித் தந்தார். பாடுவதில்தான் சிக்கல். சின்ன வயதில் கோயிலில் தேவாரம் பாடிப் பழகிய தொண்டை என்னுடையது. எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் அதைப் பிடித்து இழுத்து, இரண்டு சுற்றுச் சுற்றி, பிறகுதான் கீழே வைக்கும். கிரஹாம் பொறுமையானவர். "சிவா, அந்தச் சொல் முடிந்துவிட்டது. அதை விட்டுவிடு, பாவம்," என்பார்.

அவர் ஒனிஹங்காவில் ஒரு கண்ட்ரி இசைக் கழகத்தில் உறுப்பினர். ஞாயிறு மதியங்களில் ஒரு சின்ன மண்டபத்தில் கூடுவார்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்ற வெள்ளைக்காரரும் இந்த நாட்டின் பூர்வகுடிகளான சில மாவோரிக் குடும்பங்களும். யார் வேண்டுமானாலும் பேர் கொடுத்துவிட்டு மேடையேறிப் பாடலாம். பின்னால் வாசிக்க நிரந்தரமாக ஒரு வாத்தியக் கோஷ்டி உண்டு. எனக்கு என்று கிரஹாம் தேர்ந்தெடுத்தது, பஞ்ச காலத்தில் தீனி போட வழியில்லாமல் தன் கிழட்டுக் குதிரையைத் தானே சுட்டுக் கொல்கிற ஒருவனின் பாட்டு. (சோகத்துக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. அதற்கு இரண்டு கோர்ட் போதும்.)

"பாட்டுக்கு முன்னால் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். எல்லாரும் சொல்வார்கள்," என்றார் கிரஹாம். "எங்கேயிருந்து வந்தாய், கொஞ்சம் கஷ்டம், அவ்வளவுதான். அவர்களுக்கு அது பிடிக்கும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலினி ஒரு பெட்டி நிறைய வடை சுட்டுக்கொண்டு வந்தாள். உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த என் மகள் ஆரணி, அப்பா அசிங்கப்படுவதைப் படம் பிடிப்பதற்கென்றே வந்தாள். இரண்டு பேரும் முன்வரிசையில் இருந்தார்கள். எனக்கு முன்னால் பாடிய பெரியவர், சிறையில் தூக்குக்காகக் காத்திருக்கிற ஒருவனைப் பற்றி மிகவும் சந்தோஷமாகப் பாடினார். எல்லாரும் கால் தட்டி ரசித்தார்கள். நல்ல சபை, என் சபை என்று நினைத்துக்கொண்டேன்.

கழகத் தலைவி மோரீன் என் பேரைச் சொல்லி அழைத்தார். ஏறினேன். எனக்குப் பின்னால் கோஷ்டி மெதுவாக வாசிக்கத் தொடங்கியது. ஒருவர் கிட்டாரை மேசை மாதிரிக் கிடத்தி வைத்து, இரும்புத் துண்டால் உரசி வாசிப்பார். அது அழுகிற மாதிரியே ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்குமேல் கதைக்கும்போது, நான் என்ன சொன்னாலும் பெரிய விஷயம் மாதிரி எனக்கே கேட்டது.

"நான் இலங்கையிலிருந்து வந்தவன்," என்றேன். "குதிரையைப் பற்றிப் பாடப் போகிறேன். ஆனால் என்னிடம் குதிரை இருந்ததில்லை. சைக்கிள்தான் இருந்தது."

சபை சிரித்தது. முழுச் சபையும்.

இரண்டு வார்த்தை முடிந்துவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருடத்தில் என் ஆங்கிலத்துக்கு ஒரு மண்டபம் சிரித்தது அதுதான் முதல் தடவை. இன்னொரு சிரிப்பு வேண்டும் போலிருந்தது.

"அதுவும் என் சைக்கிள் இல்லை. இரவல்," என்றேன். சிரித்தார்கள்.

"சண்டை நடந்த காலம். ஊரே வெளிக்கிட்டுப் போனது. அம்மாவையும் தங்கச்சியையும் ஒரு டிராக்டரில் ஏற்றி முதலே அனுப்பிவிட்டோம். அப்பாவுக்குக் காய்ச்சல். அவரைச் சைக்கிளின் பின்னால் இருத்தி, நான் சீட்டில் இருந்தபடியே காலை நிலத்தில் ஊன்றி ஊன்றித் தள்ளினேன். அப்பா நல்ல பாரம்."

அதற்கும் யாரோ சிரித்தார்கள்.

பிறகு நான் சொல்ல நினைக்காததெல்லாம் வரத் தொடங்கியது. பகல் முழுக்க மழை பெய்ததைச் சொன்னேன். ஒடுங்கிய தெருவில் சனம் நெரிந்துகொண்டு போனதையும், ஒரு நிமிடம் நின்றால் பின்னால் வருகிறவர்கள் ஏசியதையும் சொன்னேன். அப்பா விழாமல் இருக்க அவரை வேட்டியால் என் முதுகோடு சேர்த்துக் கட்டியிருந்தேன். பின்னால் வந்த ஒரு பெண் கூப்பிட்டுச் சொன்னாள், "தம்பி, அப்பாவின்ர காலைப் பாரும். நிலத்திலை இழுபடுது." நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்ப இடமில்லை. "அப்பா, காலைத் தூக்குங்கோ," என்றேன். கொஞ்சத் தூரம் போக இன்னொருவர் சொன்னார். "காலைத் தூக்குங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது?" என்று அப்பாவை ஏசினேன். வழிநெடுக ஏசிக்கொண்டே போனேன். கடைசியில் ஒரு பள்ளிக்கூட வாசலில் வேட்டி முடிச்சை அவிழ்த்து அவரை இறக்கியபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அழுகிற கிட்டார் எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. மற்ற வாத்தியங்களும் ஒவ்வொன்றாக நின்றிருந்தன. டிரம் வாசிப்பவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அவர் மட்டும் தனியாக டிக் டிக் என்று தட்டிக்கொண்டிருந்தார்.

முன்னால் இருந்த ஒரு மூதாட்டி தன் கைப்பையைத் திறந்து உள்ளே எதையோ மிகவும் கவனமாகத் தேடினார். ஒருவர் கூரையைப் பார்த்தார். ஆரணி போனைக் கீழே இறக்கி மடியில் வைத்திருந்தாள். மாலினியின் முகத்தை நான் பார்த்தேன், உடனே பார்வையை எடுத்தேன். ஏனென்றால் அவளுக்கும் இது புதுக்கதை. அப்பா பள்ளிக்கூடத்தில் படுக்கையில், காய்ச்சலில் அமைதியாகப் போனார் என்று அம்மாவுக்காக ஒரு கதை சொல்லியிருந்தேன். பிறகு எல்லாருக்கும் அதையே சொல்லி வந்தேன். கொழும்பிலிருந்து வந்து என்னைக் கட்டிய மாலினிக்கும் அதுதான் தெரியும்.

"பாட்டு, நண்பா, பாட்டு," என்று கிரஹாம் பக்கத்திலிருந்து கிசுகிசுத்தார்.

நான் குதிரையைப் பாடினேன். வேறென்ன செய்வது? முத்துப் பொத்தான் சேர்ட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் தேவாரம் மாதிரி இழுத்து, அமெரிக்காவில் எங்கேயோ ஒருத்தன் சுட்ட குதிரைக்காகப் பாடினேன். மண்டபத்துக்கு உயிர் வந்தது. கோஷ்டி சேர்ந்துகொண்டது. குதிரை கடைசியாக ஒருமுறை எஜமானைத் திரும்பிப் பார்க்கிற இடத்தில், கைப்பை மூதாட்டி கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் துடைத்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டே பாடினேன். அப்பாவின் கதைக்குக் கைப்பைக்குள் தேடினவர்கள் குதிரைக்கு அழுதார்கள். முடிந்ததும் நல்ல கைதட்டல்.

தேநீர் இடைவேளையில் ஆட்கள் என்னிடம் வந்து அன்பாகக் கதைத்தார்கள். ஆங்கிலம் நன்றாக இருக்கிறது என்றார் ஒருவர். தன் மைத்துனி பாலித் தீவுக்குப் போனபோது அங்கேயும் விடாத மழை என்றார் இன்னொருவர். வடை அருமை என்றார்கள் எல்லாரும். மோரீன் என் தோளில் தட்டி, "அடுத்த முறை முன்னுரையைக் கொஞ்சம் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்," என்றார். கெட்ட மனுஷி இல்லை. அவருக்கு வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அதன் பிறகு இறைச்சிக் குலுக்கல் நடந்தது. இந்த நாட்டுக் கழகங்களில் அது வழக்கம். சீட்டு வாங்கியவர்களில் ஒருவருக்கு ஒரு தட்டு நிறைய இறைச்சி கிடைக்கும். நான் சீட்டு வாங்கவில்லை. நாங்கள் வீட்டில் முட்டைகூடச் சேர்க்காத சைவம். மோரீன் சட்டிக்குள் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்தார். அதைப் பார்க்கவேயில்லை.

"நம் நண்பர் சிவா!"

அன்றைக்கு எனக்குக் கிடைத்த கைதட்டலிலேயே பெரியது அதுதான். மாட்டிறைச்சி, பன்றித் துண்டு, ஒரு மாலை நீளத்துக்குச் சொசேஜ் எல்லாவற்றையும் என் இரண்டு கையிலும் வைத்தார்கள். (துக்கம் விசாரிப்பதில் இப்படியும் ஒரு முறை.) கையில் ஏந்திக்கொண்டு நன்றி சொன்னேன். குரல் தழுதழுத்தது. சபை அதை மகிழ்ச்சி என்று நினைத்தது.

ஹில்ஸ்பரோ வழியாகக் காரில் திரும்பினோம். தட்டு பின்சீட்டில் ஆரணியின் மடியில் இருந்தது. வளைவுகளில் சொசேஜ் சறுக்கியது.

"உங்கட அப்பா காய்ச்சலிலை செத்தவர் எண்டல்லோ சொன்னனீங்கள்?" என்றாள் மாலினி.

"காய்ச்சலும் இருந்தது."

"இத்தனை வருசமா எனக்குச் சொல்ல வாய் வரேல்லை. உந்தத் தொப்பிச் சனத்துக்குச் சொல்ல வந்திட்டுது, என்ன?"

"பின்னாலை மியூசிக் வாசிச்சவை," என்றேன். வேறு காரணம் எனக்கு உண்மையாகவே தெரியவில்லை.

"அப்ப நானும் ஆரையும் பிடிச்சு வீட்டிலை வாசிக்க விட்டிருக்கவேணும்," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் கையை நீட்டினேன். "றோட்டைப் பாருங்கோ," என்றாள்.

வீட்டு வாசலில் கார் நின்றதும் ஆரணி இறங்காமல் இருந்தாள். பிறகு ஆங்கிலத்தில் கேட்டாள், "அப்பா, தாத்தாவிடம் கடைசியாக நீங்கள் சொன்னது அதுதானா? காலைத் தூக்கச் சொன்னதுதானா?"

"ஓம்," என்றேன்.

அவள் இறைச்சித் தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு, பின்சீட்டிலிருந்தபடியே என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தொப்பி கழன்று விழுந்தது.

இறைச்சி பக்கத்து வீட்டுச் சமோவாக்காரருக்குப் போனது. அவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, அடுத்து எப்போது பாடப் போகிறேன் என்று ஆவலாக விசாரித்தார். பாடவில்லை. கிட்டாரை விற்றுவிட்டேன். கிரஹாம் இப்போதும் வானில் அதே பாட்டுகளைத்தான் போடுகிறார், நான் ஏறினால் கொஞ்சம் மெதுவாக வைக்கிறார்.

ஆரணி இப்போது இதே நகரின் வடக்கே ஆல்பனியில் பல்கலைக்கழகத்துக்குப் போகிறாள். வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தால் இந்தக் கதையைச் சொல்லாமல் அவர்களை அனுப்புவதில்லை. தொப்பியை நடித்துக் காட்டுவாள், தேவாரக் குரலில் குதிரையைப் பாடிக் காட்டுவாள், பன்றித் துண்டை நான் ஏந்தி நின்ற மாதிரி நிற்பாள். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள், நானும்தான். நடுவில் உள்ளதை மட்டும் அவள் சொல்வதில்லை. "பிறகு அப்பா கொஞ்சம் கூடுதலாகப் பேசிவிட்டார்," என்று சொல்லி அப்படியே குதிரைக்குத் தாவிவிடுவாள். அந்த நேரம் என் பக்கம் பார்க்கமாட்டாள்.

மாலினி அதுவரை இருந்து கேட்பதில்லை. சைக்கிள் என்ற சொல் வந்தவுடனே தேத்தண்ணி வைக்கிறேன் என்று எழும்பிப் போய்விடுவாள். குதிரை செத்த பிறகுதான் திரும்பி வருவாள்.