ஆழ்ந்த நிலை

"கண்ணை மூடுங்க. மூச்சு உள்ள போறதைக் கவனிங்க. வெளிய வாரதைக் கவனிங்க."

உள்ளே போன மூச்சைப் பாண்டீஸ்வரி கவனித்தாள். வெளியே வந்ததைக் கவனிக்க அவள் இல்லை. இரவு டூட்டி முடித்த கையோடு வந்து உட்கார்ந்தவள், உட்கார்ந்த மேனிக்கே தூங்கிப்போனாள்.

சிம்மக்கல் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. நர்சுகளின் மன அழுத்தத்தைக் குறைக்க வகுப்பு வைத்திருந்தார்கள். வராவிட்டால் ஆப்சென்ட்.

வகுப்பு முடிந்ததும், முன்பு நர்சாக இருந்து இப்போது பயிற்சி சொல்ல வந்திருந்த மாதங்கி உதட்டில் விரல் வைத்தாள். "யாரும் அவங்களை எழுப்பாதீங்க. ஆழ்ந்த நிலைக்குப் போயிட்டாங்க."

மேட்ரன் தமிழ்ச்செல்விக்கு அம்புட்டுப் பொறுமை ஏது? தோளைத் தட்டினாள். பாண்டீஸ்வரி துள்ளி எழுந்தாள்.

"எந்த பெட்டு சிஸ்டர்? டிரிப் முடிஞ்சிருச்சா?"

"பாத்தீங்களா! தியானத்துலயும் பேஷண்ட் நெனைப்புத்தான்," என்று மேட்ரன் எல்லோரையும் கைதட்டச் சொன்னாள்.

இதுதான் சமயமென்று பாண்டீஸ்வரி வாயைத் திறந்தாள். "மேடம், வெள்ளிக்கிழமை லீவு கேட்டிருந்தேன். எங்கம்மாவுக்குக் கருமாதி."

"அவங்க எறந்தப்பவே லீவு குடுத்தேனே?"

"அது அம்மாவைத் தூக்கி அடக்கம் பண்றதுக்கு மேடம்."

"மனசு பாரமா இருக்குன்னுதானே லீவு? நீதான் ஆழ்ந்த நிலைக்கே போயிட்டியே, இன்னும் என்ன பாரம்? மனசு ஒடிஞ்சு கெடக்குற பிள்ளைகளுக்கு மொதல்ல குடுப்போம். வெள்ளிக்கிழமை நீ ஐசியூவையும் சேத்துப் பாத்துக்க."

மாதங்கி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மேட்ரன் விடவில்லை.

அன்றைக்கே சமயநல்லூரிலிருந்து தம்பி அழகுபாண்டி போன் போட்டான். "யக்கா, ஒத்தப் பொம்பளப்பிள்ளை நீ. நீ இல்லாம கருமாதியா? ஊரே என்னையக் காறித் துப்பும்."

"வாரேன்டா," என்றாள். எப்படி என்றுதான் தெரியவில்லை.

தான் இன்னும் ஆழ்ந்த நிலைக்குப் போகவில்லை என்று காட்டிவிட வேண்டியதுதான். மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று கத்தினாள். "மூச்சாம் மூச்சு! வார்டுக்கு ஒருத்தி கெடந்து சாகுறோம். எங்களுக்கு மூச்சு விடவே நேரமில்லை, இதுல கவனிக்க வேற செய்யணுமாக்கும்!"

மற்ற நர்சுகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மேட்ரன் முகத்தில் மட்டும் வெளிச்சம். கையிலிருந்த வகுப்பு நோட்டீசைத் தூக்கிக் காட்டினாள். "உள்ள கெடந்த கோவம் வெளிய வருது! ரெண்டாம் படின்னு இதுலயே போட்டிருக்கு. பாண்டீஸ்வரி, நாளையிலருந்து புதுப் பிள்ளைகளுக்கு நீதான் காலையில சொல்லிக் குடுக்குற."

பாண்டீஸ்வரிக்கு அழுகை வந்தது. நடிப்பில்லை. அம்மாவைத் தூக்கும்போது மருந்து அலமாரிச் சாவி எங்கே என்று வார்டிலிருந்து போன் வந்திருந்தது. அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்ததில் அன்றைக்கு அழ விட்டுப்போயிருந்தது. அந்த அழுகையெல்லாம் இப்போது மொத்தமாக வந்து விழுந்தது.

"மூணாம் படி!" என்று மேட்ரன் செல்லில் படம் பிடித்தாள். சாயங்காலம் அது ஆஸ்பத்திரி வாசலில் பேனராக நின்றது. 'மன அழுத்தமற்ற செவிலியர், மனம் நிறைந்த சேவை.' கண்ணீர் வழியும் பாண்டீஸ்வரியின் முகம் ஆளுயரத்துக்கு.

"அழுறதைப் பாத்தா யாரோ பேஷண்டு செத்துட்டாங்கன்னுல்ல நெனைப்பாக?" என்று ஆட்டோக்காரர் ஒருவர் கேட்டுவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை வந்துவிட்டது. மேட்ரன் இனி யார் பேச்சையாவது கேட்பாள் என்றால் மாதங்கி பேச்சைத்தான். பாண்டீஸ்வரி வகுப்பு ஹாலுக்கு ஓடினாள். ஆளில்லாத ஹாலில் மாதங்கி முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தாள். மூடிய கண். அசையாத முகம். எப்பேர்ப்பட்ட அமைதி!

"மேடம், உண்மையச் சொல்லிர்றேன். அன்னைக்கு நான் தியானம் பண்ணலை. தூங்கிட்டேன். எனக்கு ஆழமும் தெரியாது, படியும் தெரியாது. இவளுக்கு இன்னும் சரியாகலைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா, எங்கம்மா கருமாதிக்குப் போயிருவேன்."

பதில் இல்லை.

"மேடம்?"

அசைவில்லை. பயந்துபோய்த் தோளைத் தொட்டாள்.

மாதங்கி துள்ளி எழுந்தாள்.

"எந்த பெட்டு சிஸ்டர்? டிரிப் முடிஞ்சிருச்சா?"