ஹில்டா எஸ்டேட்டில் இசை ரசனை வளர்ந்த வரலாறு

உலக நாகரிகத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தவர்கள் எல்லாரும் நைல் நதிக்கரையில் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். பாவம், அவர்களுக்கு மலை ஏறத் தெம்பில்லை. இருபது கொண்டை ஊசி வளைவையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டி, ஏற்காட்டில் ஜீப்பைப் பிடித்து மஞ்சக்குட்டைப் பக்கம் போயிருந்தால், ஹில்டா எஸ்டேட்டின் காப்பிக் களத்தில் நாகரிகம் முற்றிப் பழுத்து நின்றதை 1987ஆம் வருஷத்திலேயே கண்ணாரப் பார்த்திருக்கலாம்.

களத்துக்கு நேர் எதிரே பங்களா. அதன் வராந்தாவில் பிரம்பு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் முதலாளி தேவசிகாமணி. பக்கத்தில் ஒரு ரெக்கார்டு பிளேயர். அதிலிருந்து ஒயர் இழுத்து சில்வர் ஓக் மரத்தில் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தது. தினமும் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு, இங்கிலாந்து தேசத்து 'அயர்ன் பிஷப்ஸ்' ராக் கோஷ்டியார் நால்வரும் அதன் வழியே கதறுவார்கள். கோஷ்டி தங்களுக்குள் அடித்துக்கொண்டு கலைந்துபோய் வருஷக்கணக்காகிவிட்டது. கதறல் மட்டும் கலையவில்லை. பெயரைக் கேட்ட பங்குச் சாமியார், இது ஏதோ மேற்றிராணிமார் என்கிற நிஜ பிஷப்புமார் பாடும் ஆராதனை என்று எண்ணி, குழாயை ஆசீர்வதித்துவிட்டுப் போனார்.

ரெக்கார்டைத் துடைத்து, திருப்பிப் போடும் பொறுப்பு ரைட்டர் ஸ்தனிஸ்லாஸுடையது. எஸ்டேட் ரைட்டர் என்றால் நாவல் எழுதுகிறவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வேலைக்கு வந்த ஆளுக்கு நோட்டில் பேர் போடுகிறவர், அவ்வளவுதான். அவர் மனைவி அமலி எதிர்க்களத்தில் காயப்போட்ட காப்பிக் கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்தாள். நிறைமாதம். பலகை கட்டிய கோலை இழுத்துத் தள்ளி, இழுத்துத் தள்ளி, சாயங்காலம் வீடு வந்தால் குனிந்து செருப்பைக் கழற்ற முடியாது. ஸ்தனிஸ்லாஸ்தான் கழற்றிவிடுவார்.

களத்தில் யாரும் உட்காரக் கூடாது என்பது ஹில்டா எஸ்டேட்டின் சட்டம். ஆள் உட்கார்ந்தால் கொட்டையில் பூசணம் பிடிக்கும் என்பது தேவசிகாமணி கண்டுபிடித்த விஞ்ஞானம். அவர் மட்டும் காலை முதல் உட்கார்ந்தே இருந்தாரே, அவர்மேல் ஏன் பிடிக்கவில்லை என்று எந்த விஞ்ஞானியும் கேட்கவில்லை. கிறிஸ்துமஸ் சமயத்தில் முதலாளி கேக் வெட்டிய கையோடு இருந்தபோது, ஸ்தனிஸ்லாஸ் மென்று விழுங்கிக்கொண்டு, பொம்பளைகள் நடுநடுவே சற்று உட்கார ஒரு பெஞ்சு போட்டால் தேவலை என்று விண்ணப்பித்துப் பார்த்தார்.

"இன்னைக்குப் பெஞ்சு கேப்பாங்க ரைட்டர், நாளைக்குச் சாஞ்சுக்கச் செவுரு கேப்பாங்க" என்றார் தேவசிகாமணி. தீர்க்கதரிசி அல்லவா!

இந்தச் சூழ்நிலையில்தான் கலை உள்ளே நுழைந்தது. நல்ல ரசிகர்கள் எல்லாருக்கும் உள்ள பழக்கம் தேவசிகாமணிக்கும் உண்டு. கிடார் தனியாக அழ ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொள்வார். தலை ஆடும், சில நாள் கன்னத்தில் நீர்கூட வழியும், ஆனால் கண் திறக்காது. இதை முதலில் கவனித்தவள் கிருஷ்ணம்மாள் என்ற வயசான பொம்பளை. கோலைச் சத்தமில்லாமல் சாய்த்துவிட்டு, கோணி மூட்டைமேல் உட்கார்ந்து பார்த்தாள். வானம் இடிந்து விழவில்லை. மறுநாள் பக்கத்தில் அமலி உட்கார்ந்தாள். அடுத்த வாரம் களம் முழுக்க ரசிகர்கள். மேஸ்திரி மூக்கன் மட்டும் உட்காரவில்லை. அவர் பீடியோடு குடோனுக்குப் பின்னால் போய் நின்று ரசித்தார்.

அடேயப்பா, அந்த ரசனை வளர்ந்த வேகம்! எந்த இடத்தில் கிடார் தொடங்கும், எந்த இடத்தில் முடியும் என்று களத்தில் அத்தனை பேருக்கும் மனப்பாடம். கடைசியில் டிரம் இடிக்கும். இடித்ததும் எல்லாரும் எழுந்துகொள்வார்கள். தேவசிகாமணி கண்ணைத் திறந்தால், எதிரே களைப்பு நீங்கிய முகங்கள் குழாயை நன்றியோடு பார்த்துக்கொண்டு நிற்கும். லண்டனில் சக்கைப்போடு போட்ட சின்னப் பாட்டுகளை ஹில்டா எஸ்டேட் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒரு பக்கம் முழுவதையும் ஒரே பாட்டாக இழுத்த ரெக்கார்டு ஒன்று இருந்தது. "அந்த நீட்டுப் பாட்டைப் போடச் சொல்லுங்க" என்று கிருஷ்ணம்மாளே ரைட்டரிடம் நேயர் விருப்பம் சொல்லி அனுப்புவாள்.

முதலாளி உருகிப்போனார். எழுத்து வாசனை அறியாத ஜனங்கள் இதை இப்படி நேசிக்க என்ன காரணம் என்று ரைட்டரைக் கேட்டார். நிறைமாதக்காரியின் புருஷனுக்கு வராத தத்துவமா? உழைக்கிறவன் துயரமும் கிடாரின் துயரமும் ஒரே ஜாதி என்று ஸ்தனிஸ்லாஸ் அடித்து விட்டார். தேவசிகாமணி அதைத் தன் சொந்தக் கருத்தாகவே ஏற்றுக்கொண்டு, தான் தலைவராக இருந்த 'சேர்வராயன் மேனாட்டு இசை அன்பர் பேரவை'யில் எடுத்து வைத்தார்.

லாட்ஜ் முதலாளிகளும் எஸ்டேட் முதலாளிகளுமாக ஆறே பேர் கொண்ட பேரவை அது. 'அயர்ன் பிஷப்ஸ் பாடல்கள் இன்றளவும் பெருவாரியாக நேசிக்கப்படுவது ஏன்?' என்ற பொருள் குறித்து முந்திரி பக்கோடாவுடன் கூடி ஆலோசித்தது. பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்று லாட்ஜ் வைத்திருந்த அருள்சாமி, காலம், பிரபஞ்சம், மனிதனின் தனிமை என்று மூன்று காரணங்களை முன்மொழிந்தார். மூன்றும் ஏகமனதாக நிறைவேறின. பின்னர், உழைக்கும் மக்களை நேரில் கண்டு 'கள ஆய்வு' செய்வது என்றும் தீர்மானமாயிற்று.

ஸ்தனிஸ்லாஸ் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பன்னிரண்டு கண்ணும் திறந்திருந்தால் அமலி எப்போது உட்காருவாள்?

அவர் பயந்தபடியே நடந்தது. வராந்தாவில் ஆறு நாற்காலி. நீட்டுப் பாட்டு தொடங்கியது. கிடார் அழுதது. ஆய்வாளர்கள் இமை கொட்டாமல் களத்தைப் பார்த்தார்கள். களம் கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்தது. ஒரு முகத்திலாவது ரசனை? ஊஹூம். அமலி கோலை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினாள். முகமெல்லாம் வேர்வை. ஸ்தனிஸ்லாஸ் ரெக்கார்டைப் பார்ப்பதா அவளைப் பார்ப்பதா என்று தவித்தார்.

ரசிக்கிற மாதிரி தெரியவில்லையே என்று அருள்சாமி இழுத்தார். தேவசிகாமணிக்கு மானம் போயிற்று. கிட்டத்தில் நின்ற அமலியைக் கூப்பிட்டு, தினமும் ரசிக்கிற பாட்டுக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று கேட்டார்.

அமலி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "ஏனுங்க, நீங்கெல்லாம் கண்ணு முளிச்சுப் பாத்துட்டிருந்தா எப்புடிங்க? கண்ணை மூடிக்குங்க. அப்பத்தானுங்க பாட்டு நொம்ப நல்லா இருக்கும்."

அருள்சாமி தொடையில் தட்டினார். கேட்டீர்களா, ஐம்புலனில் ஒன்றை அடைத்தால் மற்றொன்று திறக்கும், நம் சித்தர் மரபல்லவா இது என்று புளகாங்கிதப்பட்டார். ரைட்டரை முதலிலிருந்து போடச் சொல்லிவிட்டு, பேரவை ஒட்டுமொத்தமாகக் கண்ணை மூடியது.

களம் உட்கார்ந்தது. அமலி மூட்டைமேல் சாய்ந்து, வீங்கிய காலை நீட்டிக்கொண்டாள். அப்பாடா என்று ஸ்தனிஸ்லாஸும் தூணில் சாய்ந்தார்.

அப்போது பார்த்து, சனியன், கரண்டு போயிற்று.

பாட்டு நடுவில் நின்றது. டிரம் இடிக்கவில்லை. எல்லாரும் விழுந்தடித்து எழுந்து கோலைப் பிடித்தார்கள். நிறைமாதக்காரி எப்படி எழுவாள்? ஒரு கையை ஊன்றினாள், முடியவில்லை, திரும்ப உட்கார்ந்துவிட்டாள். தேவசிகாமணி கண்ணைத் திறந்தார். மற்ற ஐந்து பேரும் திறக்கவில்லை. அருள்சாமி நிசப்தத்தையும் பாட்டின் ஒரு பகுதியாகவே ரசித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

தேவசிகாமணி அமலியைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். நீட்டியிருந்த காலைப் பார்த்தார். இத்தோடு சீட்டுக் கிழிந்தது, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் நாளைக்குச் சேலம் பஸ்தான் என்று ஸ்தனிஸ்லாஸ் மனசுக்குள் பெட்டி கட்டத் தொடங்கினார். முதலாளி அவர் பக்கம் திரும்பினார்.

"கரண்டு வந்ததும் மறுபடி மொதல்லருந்து போடு ரைட்டர்" என்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

இவரையா மனசுக்குள் திட்டினோம் என்று ஸ்தனிஸ்லாஸ் கரைந்துபோனார். அன்று ராத்திரி ஜெபத்தில் முதலாளியின் பெயரையும் சேர்த்துக்கொண்டார். அந்தத் தெம்பிலேயே, பேரவை தன் மூன்று காரணத் தீர்மானத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வராந்தாவில் மாட்டிய நாளில், பெஞ்சு விண்ணப்பத்தை மறுபடி எடுத்தார். தொரைங்களே கண்ணால் பார்த்ததுதானே, அமலிக்காகவாவது ஒன்று போடலாமே என்றார்.

தேவசிகாமணி சட்டத்தைத் துணியால் துடைத்தபடி சிரித்தார்.

"பெஞ்சு எதுக்குய்யா? அதான் தெனமும் பாட்டுப் போடறேனே. நான் பாக்காத வரைக்கும் அவங்க உக்காந்துக்கறாங்க. நீங்க கேக்காத வரைக்கும் நான் பெஞ்சு போட வேண்டியதில்லை. இதைவிட நல்ல ஏற்பாடு எந்த எஸ்டேட்ல இருக்கு?"

முதல் நாளிலிருந்தே தெரியுமா என்று ஸ்தனிஸ்லாஸ் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாதபடி, முதலாளி நாற்காலியில் சாய்ந்து, பாட்டு தொடங்குவதற்கு முன்னாலேயே கண்ணை மூடியிருந்தார். அமலிக்கு வலி கண்டது அந்தக் களத்தில்தான், நின்றபடி, ரெக்கார்டைத் திருப்பிப் போடுகிற இடைவெளியில்.

அயர்ன் பிஷப்ஸின் பாடல்கள் இன்றளவும் பெருவாரியாக நேசிக்கப்படுவது ஏன் என்று பேரவை இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறது. ரைட்டர் ஸ்தனிஸ்லாஸைக் கேட்டால் சொல்லிவிடுவார்: ஒரு பெஞ்சு போட வேண்டியவன் கண்ணை மூடிக்கொண்டு கிடக்க, அவ்வளவு நீளமான பாட்டை வேறு எந்தக் கோஷ்டியும் போட்டதில்லை.