பொங்கல் பானையில் விழுந்த தோட்டா

நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. ஐயாவிடமிருந்த அரசாங்க உத்தரவு ஒரு துவக்குக்கு மட்டுந்தான். புதியது வாங்கினால் பழையதைக் கொடுத்துவிட வேண்டும்.
2. எதை வைத்திருப்பது என்று தீர்மானிக்கும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள்.
3. நான் தீர்மானித்தேன்.
4. பொங்கல் பானைக்குள் தோட்டா விழுந்தது.
5. பெரியையா துவக்கைத் தொடுவதை விட்டுவிட்டார்.

நாலாவதைச் சொந்தக்காரர்கள் கலியாண வீடுகளில் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஐந்தாவதை ஒருவரும் சொல்வதில்லை. என் முகத்துக்காக விட்டுவிடுகிறார்கள் போலும்.

பெரியையா, என் தகப்பனாரான ஐயாவின் தமையன். மனைவி இறந்த பின் உடுவிலில் எங்கள் வளவிலேயே ஒரு சிறு வீட்டில் இருந்தார். உத்தரவு ஐயாவின் பெயரில். துவக்கு பெரியையாவின் கையில். தைப்பொங்கலன்று பால் பொங்கி வழியும்போது மற்ற வீடுகளில் சீனவெடி கொளுத்துவார்கள். எங்கள் முற்றத்தில் பெரியையா ஈயச் சன்னம் இல்லாத, மருந்து மட்டும் அடைத்த தோட்டாவைப் போட்டு, வயல் பக்கம் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைப்பார். வருடத்தில் அந்த ஒரு காலைதான் முழு வீடும் அவர் முகத்தைப் பார்த்து நிற்கும்.

அந்தத் துவக்கு பழைய ஒற்றைக்குழல். குதிரையைப் பெருவிரலால் பின்னுக்கு இழுத்துச் சுட வேண்டும். பூட்டு தளர்ந்துவிட்டதென்று ஐயாவுக்குப் பயம். நான் அப்போதுதான் மதராசில் பௌதிகம் படித்து முடித்து வந்திருந்தேன். (துவக்கு எதையும் நான் அதுவரை தொட்டதில்லை. அதை ஒரு குறையாக யாரும் நினைக்கவில்லை, நான் உட்பட.)

யாழ்ப்பாணத்துத் துவக்குக் கடைக்கு ஐயா, பெரியையா, நான் மூவரும் போனோம். புதியதும் ஒற்றைக்குழல்தான், ஆனால் சுட்டபின் மடித்தால் வெற்றுத் தோட்டாவை உள்ளேயிருக்கும் விசைச்சுருள் தானே வெளியே தள்ளிவிடும். பழையதில் அதை நகத்தால் கிளப்பி எடுக்க வேண்டும். நான் மேசையில் இரண்டையும் படுக்க வைத்து நிறை, குழலின் உட்புறம், பூட்டின் இறுக்கம் என்று வரிசையாகப் புள்ளி போட்டேன். பழையதின் பூட்டு இடுக்கில் கடதாசித் துண்டொன்றை நுழைத்துக் காட்டினேன். கடைக்காரர் தலையாட்டினார். (வாங்க வந்தவளே விற்றுக் கொடுத்தால் எந்தக் கடைக்காரர்தான் தலையாட்டமாட்டார்?) பழையது பாதிப் புள்ளிகூட எடுக்கவில்லை.

பெரியையா மேசைக்குக் கிட்ட வந்தார்.

"பிள்ளை, உந்தப் புள்ளியிலை என்ரை கைப்பழக்கத்துக்கு எவ்வளவு போட்டனி?"

"அதை அளக்க ஏலாது, பெரியையா."

"ஓம். அளக்க ஏலாதுதான்" என்று சொல்லி, குதிரையை ஒருதரம் தடவிவிட்டு, பழையதைத் தானே எடுத்துக் கடைக்காரரிடம் கொடுத்தார்.

வீடு வரும்வரை அவருக்கு விசைச்சுருளின் தத்துவத்தை விளக்கினேன். அமுக்கம், சேமித்த சக்தி, எல்லாம் வந்தது. "தோட்டா பின்னுக்குப் பறக்கும், முகத்தை விலத்துங்கோ" என்ற ஒரு வசனம் மட்டும் வரவில்லை. தத்துவம் விளங்கினவருக்கு அது தானாக விளங்கும் என்பது என் எண்ணம்.

பொங்கலன்று பால் வழிந்தது. பெரியையா வெடி வைத்தார். சத்தம் அருமையாக இருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நானும் அடக்கமாகச் சிரித்தேன். பிறகு அவர் எத்தனையோ பொங்கல்களில் செய்ததுபோலவே குனிந்து, நகத்தை ஆயத்தமாக வைத்துக்கொண்டு, துவக்கை மடித்தார்.

தோட்டா அவருடைய நெற்றியில், திருநீற்றுக்கு நடுவில் அடித்து, அங்கிருந்து நேரே பானைக்குள் போனது.

"சூரியனுக்குப் படைக்க முதல் விழுந்திட்டுதே" என்றார் அம்மா.

"அக்கா, இதுக்கு எத்தினை புள்ளி?" என்று தம்பி கேட்டான்.

முதலில் சிரித்தவர் பெரியையாதான். நெற்றியைத் தடவிக்கொண்டே சிரித்தார். சிரிப்பு முடிந்ததும் துவக்கை என் கையில் தந்தார்.

"எனக்கு உது சரிவராது, பிள்ளை. நீ வைச்சிரு."

அம்மா இரண்டாம் பானை வைத்தார். அது பொங்கியபோது துவக்கை ஒருவரும் எடுக்கவில்லை. சத்தத்துக்காகக் காத்திருந்த பக்கத்து வீட்டுக்காரர், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, ஆருக்கும் சுகமில்லையோ என்று விசாரித்தார்.

பொங்கல் கழிந்ததும் பழையதைத் திருப்பி வாங்கக் கடைக்கு ஓடினேன். அது வன்னிப் பக்கத்தில் வயல் செய்யும் கமக்காரர் ஒருவருக்குப் போய்விட்டது. ஆளின் ஊர் கடைக்காரருக்கு ஞாபகமில்லை.

"தங்கச்சி, அது உதவாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். நானும் அப்பிடிச் சொல்லித்தான் மலிவாய்க் குடுத்தனான்."

இப்போது எங்கள் வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும், மண்ணெண்ணெய் அடுப்பானாலும் தையல் மெசினானாலும், "தள்ளி நில்லுங்கோ, அக்கா தெரிஞ்செடுத்தது" என்று தம்பி எல்லாரையும் விலக்குகிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள். பெரியையாவும் சிரிக்கிறார்.

புதிய துவக்கு பழுதில்லாமல் இருக்கிறது. நான்தான் எண்ணெய் போடுகிறேன். பொங்கலுக்குத் தம்பி சீனவெடி கொளுத்துகிறான். பால் பொங்கும் நேரம் பார்த்துப் பெரியையா கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவுகிறார்.