தொப்பி போட்ட கம்பிகள்

கட்டடத்தின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு வாசலுக்குக் காவல் இருந்த ஒரே வாட்ச்மேன், தமிழ்நாட்டிலேயே எங்கள் 'மொட்டைமாடி'தான். சொந்தப் பெயர் என்னவென்று பெரம்பலூரில் யாருக்கும் தெரியாது. கேட்டால் அவரே கொஞ்சம் யோசிப்பார்.

பைபாஸ் ஓரத்தில் ஆறு மாடி ஆபீஸ் கட்டடம் ஒன்று பல வருஷமாகப் பாழடைந்து நின்றது. கட்டிய முதலாளி, "மேல இன்னும் ரெண்டு மாடி எடுக்கப்போறேன். அதுவரைக்கும் கம்பியப் பாத்துக்கய்யா" என்று இவரிடம் சொல்லிவிட்டுப் போனவர்தான். ஊர்ப்பக்கமே திரும்பவில்லை. சம்பளமும் அவரோடு போய்விட்டது. ஆண்டிமடத்திலிருந்து மகள் அரிசியும் முந்திரிப்பருப்பும் கொடுத்தனுப்புவாள். இவர் கம்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நம் பக்கம் சின்னதாக ஒரு தளம் போடுகிறவன்கூடத் தூண் கம்பிகளை மொட்டைமாடிக்கு மேல் நீட்டி விட்டுவிடுவான். பிற்பாடு பையன் சம்பாதித்து மேலே ஒரு மாடி எடுப்பான் என்கிற நம்பிக்கை. பாதி வீடுகளில் பையன் வருவதில்லை, கம்பியில் துணிதான் காய்கிறது.

மொட்டைமாடி தன் கம்பிகளில் ஒரு துண்டைக்கூடக் காயப்போட்டதில்லை. ஒவ்வொன்றுக்கும் சிமெண்டுப் பால் பூசி, தலையில் காலித் தண்ணீர் பாட்டிலைத் தொப்பியாகக் கவிழ்த்து, சணலால் ஒரு கட்டுப் போட்டிருப்பார். வெயிலில் பாட்டில் வெடித்தால் உடனே புதுத் தொப்பி.

இதற்கிடையில் கீழே கதவுகள் போயின. ஜன்னல்கள் போயின. கக்கூஸ் பேசின்கூடப் போனது. ஒருநாள் பட்டப்பகலில் வேன் வைத்து லிஃப்டையே கழற்றிக்கொண்டு போனார்கள். இவர் மேலிருந்து எட்டிப் பார்த்து, "மெதுவா எறக்குங்கப்பா, செவுத்துல இடிச்சிரப் போவுது" என்று குரல் வேறு கொடுத்தாராம்.

லப்பைக்குடிக்காட்டு ஹாஜியார் ஒருவர், துபாயில் கடை வைத்திருந்தவர், அந்தக் கட்டடத்தை வாங்கினார். அதைப் புதுப்பித்துப் பெரிதாக்கும் வேலைக்கு அரியலூரிலிருந்து சைட் இன்ஜினியராகப் போனவன் நான். முதல் நாளே மூச்சிரைக்க ஏறிப் போய்க் கேட்டேன்.

"லிஃப்டு போறப்ப நீங்க எறங்கி வந்து தடுக்கலையா?"

"லிஃப்டு கடையில கெடைக்கும் சார். கம்பி துருப்புடிச்சிப் போச்சுன்னா மாடிய எப்புடி எடுப்பீங்க? சரி, பாட்டில் எங்க?"

காலி பாட்டில் கொண்டுவராதவர்களை அவர் மேலே நிற்க விடமாட்டார். புது முதலாளிக்கும் அதே சட்டம்தான். மூட்டு வலியோடு ஆறு மாடி ஏறிய ஹாஜியாரின் கையில் இருந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடிச்சிட்டுக் குடுத்துருங்க பாய்."

"யா அல்லாஹ், மூச்சு வாங்க வுடுங்கண்ணே!"

குடித்து முடித்த ஹாஜியார், வரிசையாக நின்ற தொப்பிகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இன்ஷா அல்லாஹ், மேல ரெண்டு மாடி எடுக்குறோம்ணே" என்றார். அன்றைக்கு மொட்டைமாடி கீழே இறங்கி வந்தார். எதிரே டீக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் தன் செலவில் டீ. "சொன்னேன்ல? மாடி வருது!" என்று லாரி டிரைவர்களிடமெல்லாம் சொன்னார். பாவம், அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

பிறகு திருச்சியிலிருந்து வந்த வல்லுநர் மண்ணைத் தோண்டிப் பார்த்தார். அடியில் கரிசல் மண், மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். பழைய அஸ்திவாரம் இன்னொரு மாடியைத் தாங்காது என்று சொல்லிவிட்டார். இருக்கிற தூண்களைப் பலப்படுத்தலாம், பின்பக்கக் காலி மனையில் புதுக் கட்டடம் எழுப்பி இதோடு சேர்க்கலாம். மொட்டைமாடியில் சோலார் வரும். கம்பிகளை வெட்டிவிட வேண்டும்.

நான்தான் போய்ச் சொன்னேன். அவர் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இறங்க மறுத்து, சோறு தண்ணீர் இல்லாமல் கம்பிக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் ஹாஜியார் மறுபடி ஏறினார். கேட்காமலே காலி பாட்டிலை நீட்டினார். மொட்டைமாடி வாங்கவில்லை.

"அஸ்திவாரம் தாங்காதாம்ணே. நான் என்ன பண்ணட்டும்?"

"அப்ப நான் இத்தன வருசமாப் பாத்துக்கிட்டது?"

ஹாஜியார் பாட்டிலைக் கம்பியோரம் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் படித்த படிப்பில் அதற்கு விடை இல்லை.

கடைசியில் தொப்பிகளை அவரே கழற்றினார். ஒவ்வொன்றையும் வேட்டியில் துடைத்து ஒரு சாக்கில் போட்டார். வெட்ட வந்த ஆள் கம்பியைத் தடவிப் பார்த்து, "கடையிலேந்து இப்பத்தான் வந்த மாதிரி இருக்கு சார்" என்றான். மொட்டைமாடி திரும்பி நின்றுகொண்டார். என்னால் கம்பி வெட்டும் சத்தத்தைக் கேட்க முடியவில்லை, இறங்கி வந்துவிட்டேன்.

மகள் ஆண்டிமடத்திலிருந்து வந்து அவரை அழைத்துப் போனாள். ஆட்டோவில் ஏறுமுன் சாக்கை என்னிடம் கொடுத்தார்.

"புதுசா கட்டுறீங்களே, அதுக்கு மேல கம்பி வுடுவீங்களா சார்?"

"கண்டிப்பா வுடுவோம்ங்க."

"வுட்டதும் சொல்லி அனுப்புங்க. வந்துடுறேன்."

புதுக் கட்டடம் வளர்ந்தது. மேல்தளம் போடுவதற்குள் அவர் போய்விட்ட செய்தி வந்தது. ஹாஜியார் ஆண்டிமடம் போய் மாலை போட்டுவிட்டு வந்தார். நான் தளத்துக்கு மேல் கம்பி விட்டேன், இடுப்பு உயரத்துக்கு. சொல்லி அனுப்பினால் வரத்தான் ஆள் இல்லை.

மழைக்கு முன்னால் சாக்கைத் தூக்கிக்கொண்டு ஏறி, நானே தொப்பி போட்டேன். முதல் காற்றுக்கே பாதி பறந்து போய் பைபாஸில் உருண்டன. அந்தக் கட்டு எப்படிப் போடுவது என்று அவரிடம் கேட்டு வைத்திருக்கலாம்.

சாக்கு காலியாகிவிட்டது. இப்போதெல்லாம் மேலே வருகிறவர்களிடம் நானும் பாட்டில் கேட்கிறேன்.