அணைக்கட்டு மாப்பிள்ளையும் காஜா பெராங் விளக்கும்

காஜா பெராங், மலாக்கா
6-8-1963

ரிங்லெட் மலை அணைக்கட்டில் உத்தியோகம் பார்க்கும் மாப்பிள்ளை தேவதாஸ் அவர்களுக்கு, மாமனார் கலியாணசுந்தரம் மனமார ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. எழுத விடமாட்டேன் என்கிறீர்களே!

ஆடிக்கு அழைத்து வந்த பெண்ணை ஆவணி பிறந்துதான் அனுப்புவோம். இது உங்களுக்கும் தெரியும். அதற்காக, நாட்டுக்கே வெளிச்சம் கொடுக்கிற அணையில் உட்கார்ந்துகொண்டு, சாயங்காலமானால் தண்ணீரை நிறுத்தி நிறுத்தி விட்டு, என் வீட்டு விளக்கை மூன்று தரம் சிமிட்ட வைப்பது நியாயமா? உடனே மல்லிகா, "அவருதாம்பா கூப்பிடுறாரு" என்று கண்ணைக் கசக்குகிறாள். அவள் அம்மா பூங்காவனமும் கூடச் சேர்ந்து அழுகிறாள், ரசம் பொங்கி அடுப்பில் வழிகிறது, நான் பசியோடு உட்கார்ந்திருக்கிறேன். சுதந்திரம் வாங்கி ஆறு வருஷமாகிறது; ஈயச் சுரங்கத்துக்கும் தொழிற்சாலைக்கும் போக வேண்டிய மின்சாரத்தைப் பெண்டாட்டிக்குச் சைகை காட்டச் செலவழித்தால் நாடு எப்போது முன்னேறும்?

பக்கத்து வீட்டுச் சுப்பையன் வேறு சண்டைக்கு வந்துவிட்டான். "என்னாங்க, எங்க வீட்டு லைட்டு மட்டும் சிமிட்டவே மாட்டேங்குது? உங்க மாப்பிள்ள சொந்தக்காரங்களுக்கு மட்டும்தான் செய்வாரா?" என்கிறான். உங்களுக்கு எழுதிப் போடுகிறேன் என்று சமாளித்தேன். பதினெட்டாம் பெருக்கன்று பூங்காவனம் ஆற்றங்கரைக்கே போகவில்லை. "மாப்பிள்ளையோட அணத் தண்ணிதானே கம்பி வழியா இங்க வருது" என்று வாசல் விளக்குக் கம்பத்துக்கு மஞ்சள் கயிறு கட்டிக் காப்பரிசி படைத்துவிட்டாள். விசாரிக்க வந்த மலாய்ப் போலீஸ்காரர் எதை எழுதிக்கொள்வது என்று தெரியாமல் திரும்பிப் போனார்.

எனக்குக் கோபம் என்று நினைக்க வேண்டாம். ஒரே பெண். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் எனக்குப் பேச்சுத் துணை கிடையாது. ஆகையால் ஆவணி பிறக்கும்வரை தயவுசெய்து அணையில் கை வைக்காதீர்கள்.

சம்பந்தி வீட்டாருக்கு என் நமஸ்காரம். மலைக் குளிரில் காதை மூடிக்கொண்டு வேலை செய்யவும். நீங்கள் நூறாண்டு வாழ்க.

இப்படிக்கு,
கலியாணசுந்தரம்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போன நேரம், ஊருக்கு மின்சாரம் கொடுக்கும் இஞ்சின் கொட்டகையில் வேலை செய்யும் ராஜரத்தினம் வந்தார். படித்துக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எங்கள் தெருவுக்கு வருவது முழுக்க அவர்களுடைய எண்ணெய் இஞ்சின் மின்சாரமாம்; உங்கள் மலையிலிருந்து இன்னும் ஒரு சொட்டுக்கூட இங்கே வரவில்லையாம். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே விளக்கு மூன்று தரம் சிமிட்டியது. திரும்பிப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் மெயின் சுவிட்சில் கை வைத்தபடி மல்லிகா நிற்கிறாள். "புருசங்கிட்ட போவணும்னு வாயால எப்படிப்பா சொல்றது?" என்றாள். மாப்பிள்ளை, ஆடியாவது ஆவணியாவது! இந்தச் சனிக்கிழமையே வந்து அழைத்துக்கொண்டு போங்கள்.