பதினாறு எண்ணும் வரை

மூன்றாவது முறைப்பாட்டுக் கடிதத்தை மேலதிகாரி ஸைனுலாப்தீன் ஐயா வாசித்துக் காட்டியபோது பத்மாசனி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். கடிதத்திலிருந்த வசனம் முழுவதும் அவள் சொன்னதுதான். ஒரு சொல்கூட மாறவில்லை.

"'உங்கட ஐஸ்கட்டியை எடுத்து உங்கட வாயையே அடையுங்கோ.' இது நீங்கள் சொன்னதா, மிஸிஸ் கோணாமலை?"

"ஓம் ஐயா. ஆனா அதுக்கு முந்தி அவர் என்ன சொன்னவர் எண்டு எழுதேல்லையே."

"அவர் சந்தாதாரர். அவர் என்னவும் சொல்லலாம்."

அறுபத்தெட்டாம் ஆண்டு. திருகோணமலையில் யார் ரெலிபோனைத் தூக்கினாலும் முதலில் கேட்பது பத்மாசனியின் குரல், இல்லாவிட்டால் பக்கத்துக் கதிரையில் இருக்கும் புஸ்பராணியின் குரல். துறைமுக வீதியில் மாடியில் இருந்த எக்ஸ்சேஞ்சில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு, கேட்ட நம்பரின் துளையில் வயரைச் செருகிவிடுவது அவர்களுடைய வேலை. லைன் கிடைத்தால் சந்தாதாரர் நன்றி சொல்வதில்லை. கிடைக்காவிட்டால் ஏசுவார். புஸ்பராணி ஏச்சை வாங்கிக்கொள்வாள். பத்மாசனி திருப்பிக் கொடுப்பாள்.

ஐஸ் தொழிற்சாலை ஸுஹைர் முதலாளிக்கு அவள் வட்டியோடு திருப்பிக் கொடுத்தது இது மூன்றாம் தடவை.

"இன்னொரு கடிதம் வந்தால் என்ர கையில ஒண்டுமில்லை" என்றார் ஸைனுலாப்தீன் ஐயா. பிறகு மெதுவாகச் சொன்னார். "மன்னாருக்கு இடமாற்றம்."

மன்னார் என்றால் பத்மாசனிக்குச் சாவு. புருஷன் கோணாமலை இரண்டு வருடத்துக்கு முன் துறைமுகத்தில் கப்பலின் தட்டிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டவன். இரண்டு ஊன்றுகோலில் குசினிக்கும் முற்றத்துக்கும் போய்வருவான். பதினைந்து நாளுக்கொரு தரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அவனை விட்டுப் போகவும் ஏலாது, தூக்கிக்கொண்டு போகவும் ஏலாது.

இது போதாதென்று, போன கிழமை ஆஸ்பத்திரியில் அப்போதிக்கரி அவளுடைய கையிலும் பட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பிரஷர் நூற்றெழுபது. இனிக் கோபப்படவே கூடாது" என்று சொல்லியிருந்தார். அதைக் கேட்டதும் அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"அக்கா, யோகாசனம் செய்யுங்கோ" என்றாள் புஸ்பராணி. அவள் காலையில் ஆறு மணிக்கு மாதர் சங்கத்து வகுப்புக்குப் போகிறவள். "உங்கட பேரிலயே ஆசனம் இருக்கு. பத்மாசனத்தில இருந்து மூச்சை இழுத்து, பதினாறு எண்ணும் வரைக்கும் அடக்கி, பிறகு விடுங்கோ. கோபம் ஓடிப்போம்."

அன்று பின்னேரமே பத்மாசனி பாயை விரித்தாள். வலது காலைத் தூக்கி இடது தொடையில் வைத்தாள். இடது காலை வலது தொடையில் ஏற்றியபோது முழங்காலில் 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு எந்தக் காலும் அசையவில்லை.

"இஞ்சருங்கோ, என்ர காலை எடுத்துவிடுங்கோ!"

கோணாமலை ஊன்றுகோலோடு வந்து நின்று பார்த்தான். "நான் குனிஞ்சா ரெண்டு பேரும் இஞ்சதான் கிடக்கோணும். கொஞ்சம் பொறு."

அவன் வேலியடியில் போய்ப் பக்கத்து வீட்டு உம்மு குல்சுமைக் கூப்பிட்டான். வந்தவள் பத்மாசனியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சிக்கெடுக்கிற மாதிரி நிதானமாகக் காலைப் பிரித்து விட்டாள்.

"இதென்ன புள்ள, சும்மா கிடந்த காலுக்கு?"

"கோபம் குறையட்டும் எண்டு."

"கோபம் காலிலயா இருக்குது?" என்றாள் உம்மு குல்சும்.

காலை விட்டுவிட்டு மூச்சை மட்டும் வைத்துக்கொள்வதென்று பத்மாசனி முடிவு செய்தாள். அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு போர்டில் ஸுஹைர் முதலாளியின் நம்பருக்கு மேல் விளக்கு எரிந்தது.

"ஹலோ! என்ன நித்திரையா அங்க?"

பத்மாசனி மூச்சை இழுத்தாள். அடக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று...

"ஹலோ? ஹலோ! ஆரும் இரிக்கிறீங்களா, செத்துப் போயிட்டீங்களா?"

பதினான்கு, பதினைந்து, பதினாறு. அவள் மூச்சை விட்டாள். வாய்க்கு நேரே தொங்கிய கருவிக்குள் அது முழுதாகப் போனது.

மறுமுனையில் ஏதோ விழுந்து உடைந்த சத்தம் கேட்டது.

மத்தியானத்துக்குள் பதினொரு சந்தாதாரர்கள் லைன் பழுதென்று சொல்லிவிட்டார்கள். முதலில் லைன் செத்துப்போகிறதாம், பிறகு பாம்பு சீறுகிறதாம். ஸைனுலாப்தீன் ஐயா லைன்காரன் அஸீமைக் கூப்பிட்டார். அஸீம் நல்ல பிள்ளை, இரண்டு குழந்தைக்குத் தகப்பன். ஆனி மாத வெயிலில் இரண்டு நாளாக மீன் சந்தையிலிருந்து உப்புவெளி வரைக்கும் ஒவ்வொரு போஸ்டிலும் ஏறி இறங்கினான்.

"பழுது ஒண்டையும் காணேல்லை அக்கா" என்று மூன்றாம் நாள் உரிந்துபோன உள்ளங்கைகளைக் காட்டினான். "ஆனா கேக்குதெண்டுதானே எல்லாரும் சொல்லுகினம்."

பத்மாசனி அந்தக் கைகளைப் பார்த்தாள். அன்றோடு மூச்சையும் விட்டுவிட்டாள். அதாவது எல்லாரையும் போல விடத் தொடங்கினாள்.

"இது ஒடம்புச் சூடு புள்ள" என்று உம்மு குல்சும் தீர்ப்புச் சொன்னாள். "சூடு எறங்கினா கோபமும் எறங்கும். காலையில வெறும் வயித்தில வல்லாரைச் சாறு. தலைக்கு நல்லெண்ணெய். வெள்ளிக்கிழமை ஆமணக்கெண்ணெய் குடிச்சு வயித்தைக் கழுவிப் போடு."

"வெள்ளிக்கிழமை வேலையிருக்கே."

"விடியச் சாமம் குடிச்சா ஏழு மணிக்கு முடிஞ்சிரும்."

வல்லாரைச் சாறு கசந்தது, ஆனால் வேலை செய்தது. நாலு நாளில் பத்மாசனியின் முகத்தில் ஒரு சாந்தம் வந்தது. சந்தாதாரர்கள் ஏச ஏச அவள் தூரத்தில் எங்கோ மழை பெய்கிறதைக் கேட்கிற மாதிரி இருந்தாள். நல்லெண்ணெய் வழிந்து காதுக் கருவிக்குள் இறங்கியதால் அவளுக்கு அரைவாசிதான் கேட்டது என்பதும் ஒரு காரணம்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஆமணக்கெண்ணெய் ஏழு மணிக்கு முடியவில்லை. எட்டு மணிக்குத்தான் தொடங்கியது.

அன்று பார்த்து புஸ்பராணி லீவு. அவளுக்கு மட்டக்களப்பில் ஒரு மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். சாதகம் பொருந்திவிட்டது. கடைசிப் பேச்சுக்காக அவளுடைய தகப்பன் பத்து மணிக்கு மட்டக்களப்புக்கு ட்ரங்கோல், அதாவது வெளியூர் அழைப்பு, பதிந்திருந்தார். அதே பத்து மணிக்கு ஸுஹைர் முதலாளியும் மட்டக்களப்பு இயந்திரக் கடை ஒன்றுக்கு ட்ரங்கோல் பதிந்திருந்தார். பழைய ஐஸ் மெசினை விற்பதற்கு.

இரண்டு லைனும் ஒரே நேரத்தில் கிடைத்தன. அதே நேரத்தில் பத்மாசனியின் வயிறும் கூப்பிட்டது. அவள் இரண்டு வயரையும் இரண்டு துளையில் செருகிவிட்டு ஓடினாள்.

திரும்பி வந்து கருவியைக் காதில் வைத்தபோது, மாப்பிள்ளையின் தகப்பனுக்கு ஸுஹைர் முதலாளி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பழசுதான், நான் பொய் சொல்லமாட்டேன். வெளியால பெயின்ற் அடிச்சு வச்சிரிக்கு, உள்ளுக்கெல்லாம் துரு. ராவில சத்தம் போடும். ரெண்டு தட்டுத் தட்டினா அடங்கும். நீங்க எடுக்கிறீங்களா இல்லையா?"

மற்ற வயரில் புஸ்பராணியின் தகப்பன் நடுங்கும் குரலில் கேட்டுக்கொண்டிருந்தார். "பிள்ளைக்கு இருபத்தாறு. நல்ல அடக்கம். உங்கட முடிவு என்னெண்டு..."

"இருபத்தாறா?" என்றான் இயந்திரக் கடைக்காரன். "பத்து வருசத்துக்கு மேற்பட்ட சாமான் நாங்க கையால தொடுறதில்ல."

பத்மாசனி வயர்களைப் பிடுங்குவதற்குள் இரண்டு பக்கமும் ரெலிபோன் வைக்கப்பட்டுவிட்டது.

திங்கட்கிழமை புஸ்பராணி வேலைக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. வகுப்புக்கும் போகவில்லை என்றாள். தகப்பன் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம். "ஏன் அப்பிடிச் சொன்னவை எண்டே விளங்கேல்லை அக்கா. என்னைச் சாமான் எண்டவையாம்."

பத்மாசனிக்கு நெஞ்சு வெடித்தது. சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் ஒரு கிழமை வல்லாரையும் அன்று காலைச் சாறும் உள்ளே இருந்தன. குரல் கோயில் ஐயரின் குரல் மாதிரி இறங்கி வந்தது.

"புஸ்பம், பிழை என்னுடையது. வயரை மாறிக் குத்திப்போட்டன். உன்ர மாப்பிள்ளையின்ர தகப்பன் கேட்டது ஐஸ் மெசினின்ர கதை."

புஸ்பராணி அவளையே பார்த்தாள்.

"இவ்வளவு ஆறுதலாச் சொல்லுறியள்?"

"கோபப்படக்கூடாதெல்லோ."

"என்ர வாழ்க்கை போச்சு. உங்களுக்கு ஒரு துளி கண்ணீர் வரேல்லை. முந்தின பத்மாசனியக்கா எண்டால் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதிருப்பா." அவள் கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய்ப் போர்டின் மற்ற அந்தத்தில் போட்டாள்.

அன்றிரவு பத்மாசனி சோற்றைப் பிசைந்துகொண்டு இருந்தாள். வாயில் வைக்கவில்லை.

"நீ முந்தி ஏசுவாய், பிறகு சிரிப்பாய்" என்றான் கோணாமலை. "இப்ப ஆரோ ஒரு மனிசி வந்து வீட்டில இருக்கிற மாதிரிக் கிடக்கு. எனக்குப் பயமாக்கிடக்கு."

"மன்னாருக்கு அனுப்பினா என்ன செய்வியள்?"

அவன் ஊன்றுகோல் இரண்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அதைப் பார்க்க அவளால் ஏலாமல் போயிற்று.

மறுநாள் காலை ஸைனுலாப்தீன் ஐயா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். "கொழும்பிலயிருந்து ஒரு பெரிய ஐயா வாறார். ஒருத்தரும் ஒண்டும் கேக்க வேண்டாம். வேலையைப் பாருங்கோ." அவர் பத்மாசனியின் பக்கம் திரும்பவே இல்லை.

நாலாவது கடிதம் வந்துவிட்டது என்று அவளுக்கு விளங்கியது. இனிப் போவது போகட்டும். போவதற்கு முன் ஒன்றையாவது சரிசெய்ய வேண்டும். அவள் விதியை மீறி, தானாகவே மட்டக்களப்பை எடுத்தாள். மாப்பிள்ளையின் தகப்பன் வந்தார்.

"ஐயா, வெள்ளிக்கிழமை நீங்கள் கேட்டது ஒரு ஐஸ் மெசினைப் பற்றின கதை."

"ஐஸ் மெசினா? பொண்ணைக் காட்டுறம் எண்டு மெசினையா காட்டப் பாத்தீங்க?"

"இல்லை ஐயா. லைன் மாறிப்போச்சு."

"நல்லா கதை சொல்றீங்க. உள்ளுக்குத் துரு எண்டு அவங்கட ஆளே சொன்னவன்."

பின்னால் கதவு திறந்தது. வெள்ளைக் களிசான் போட்ட கொழும்பு ஐயா உள்ளே வந்து, சுவரோரம் நின்று, குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். பத்மாசனி மூச்சை இழுத்தாள். அடக்கினாள். ஒன்று, இரண்டு...

"ராவில சத்தம் போடுமாம்" என்றார் மட்டக்களப்புக்காரர். "தட்டினாத்தான் அடங்குமாம். அப்பிடி ஒரு பொண்ணு எங்களுக்கு என்னத்துக்குகா?"

ஏழு, எட்டு. போர்டின் மற்ற அந்தத்தில் புஸ்பராணி முகத்தைப் பொத்திக்கொண்டு இருந்தாள்.

ஒன்பதில் உடைந்தது.

"ஓய்! வாயைப் பொத்தும்! ஆரைப் பாத்துத் துரு எண்டுறீர்? எட்டு வருசமா பக்கத்தில இருக்கிறன். ஊரெல்லாம் ஏசினாலும் ஒரு சொல்லுத் திருப்பிச் சொல்லாத பிள்ளை அவள். பிழை விட்டது நான்! ஆமணக்கெண்ணெய் குடிச்சிட்டுக் கக்கூசுக்கு ஓடினது நான்! ஏசுறதெண்டா என்னை ஏசும். அந்தப் பிள்ளையைப் பற்றி இன்னொரு சொல்லுச் சொன்னீரெண்டா பஸ் ஏறி மட்டக்களப்புக்கு வருவன்!"

போர்டில் பத்துப் பன்னிரண்டு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஒருவரும் வயரைத் தொடவில்லை.

மறுமுனையில் ஒரு இருமல் கேட்டது. "கக்கூசுக்கு ஓடினதையும் சொல்றியே தாயி" என்றார் அவர். "பொய் சொல்றவ அதைச் சொல்லமாட்டா. ஞாயிற்றுக்கிழமை பொண்ணு பாக்க வாறம் எண்டு அவங்களுக்குச் சொல்லு."

பத்மாசனி கருவியைக் கழற்றி வைத்தாள். புஸ்பராணி ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். இரண்டு பேரும் அழுதார்கள். அந்தத் தோளுக்கு மேலால் பத்மாசனி பார்த்தாள். கொழும்பு ஐயா அவளைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், கதிரைகளைப் பார்த்தார், ஏதோ எழுதினார். எழுதிக்கொண்டே இருந்தார்.

"ஐயா," அவள் கிட்டப் போனாள். "என்ர மனிசன் நடக்கமாட்டார். மன்னாருக்கு மட்டும் அனுப்பாதேங்கோ. நான் இனி ஒரு சத்தமும் போடமாட்டன். சத்தியமா."

அவர் சங்கடத்தோடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிங்களத்தில் ஏதோ மெதுவாகச் சொல்லிவிட்டு, ஸைனுலாப்தீன் ஐயாவோடு படியிறங்கிப் போய்விட்டார்.

பத்மாசனி மேசை லாச்சியைத் திறந்தாள். சீப்பு, சாந்துப் போத்தல், கோணாமலையின் ஆஸ்பத்திரிக் கடதாசித் துண்டு. ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டாள். வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அஸீம் ஏணியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தான். "என்னக்கா, இப்பவே காலி பண்ணுறியள்? உங்களுக்கும் சொல்லிட்டாங்களா?"

"ஏச்சுக்கு நாலாவது கடிதம். வேற என்ன சொல்லக் கிடக்கு, அஸீம்?"

"அவர் ஏச்சு விசாரிக்க வந்தவரில்லை அக்கா, இடம் பாக்க வந்தவர்" என்றான் அஸீம். "வாற வருசம் தானா லைன் குடுக்கிற மெசின் ஒண்டைக் கொண்டந்து பூட்டப்போறாங்களாம், இஞ்ச ஒரு கதிரையும் தேவையில்லையாம், ஆர் என்ன ஏசினாலும் அதுக்குக் கோபமே வராதாம்."