வினிகர் அக்காவும் பெல்ஜியம் பாட்டிலும்

காஞ்சிபுரத்தில் வினிகர் அக்காவின் வாயால் ‘நல்லா இருக்குது’ என்று பெயர் வாங்கிய சமையல் எதுவும் கிடையாது. கல்யாண விருந்து, ஓட்டல் தோசை, கோயில் பிரசாதம் எதற்கும் விலக்கில்லை. ஒருமுறை சர்க்கரைப் பொங்கலை நாக்கில் வைத்ததுமே அர்ச்சகரிடம், “சாமி, நெய்யி போன மாசத்துது” என்றார். அடுத்த வாரம் எங்களைக் கண்டதும் அர்ச்சகர் தொன்னைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

குறை கண்டுபிடிப்பதுதான் அக்காவுக்கு உத்தியோகம். வாலாஜாபாத் சாலையில் ஒரு ஊறுகாய்த் தொழிற்சாலையில் ருசி பார்ப்பவர். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் பெண்கள் விடுதியில் அவரும் நானும் ஷாலினியும் ஒரே அறை. நான் பட்டுப்புடவைக்கு பார்டர் டிசைன்களைக் கம்ப்யூட்டரில் போடுகிறவள். ஷாலினி ஒரகடத்தில் இன்ஜினியர். சாயங்காலம் மாடிப்படியில் முதலில் வினிகர் வாடை ஏறி வரும், பின்னாலேயே அக்கா வருவார். அவருக்கு ஒரு நல்ல பெயரும் இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை.

போன வருடம் ஒரு காய்ச்சலில் பத்து நாள் படுத்து எழுந்தார். எழுந்த வாரமே அந்த அதிசயம் நடந்தது. விடுதிச் சமையல்காரி ராணியம்மா உப்புமாவைக் கிளற மறந்து, புகை தெருமுனை வரை போயிருந்தது. அக்கா இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, “நல்லா இருக்குதுமா” என்றார்.

ராணியம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். “எட்டு வருஷமா இந்த ஒரு வார்த்தைக்குத்தாம்மா காத்துக்கினு இருந்தேன்!” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாப்பாட்டுக் கூடமே கைதட்டியது. நான் மட்டும் கைதட்டவில்லை.

அறைக்கு வந்து கதவைச் சாத்திக் கேட்டேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்து விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“மூக்கு செத்துப்போச்சுடி. ஒரு வாசனையும் தெரியலை. புளிப்பு, உப்பு, இனிப்பு, காரம் மட்டும் நாக்குக்குத் தெரியுது. அத வெச்சுக்கினு வேலையில சமாளிக்கிறேன். தெரிஞ்சா அனுப்பிடுவாங்க. எனக்கு வேற இன்னாடி தெரியும்?”

காத்திருக்கச் சொன்னார் டாக்டர். தினமும் எதையாவது முகர்ந்து பழகவும் சொன்னாராம். அதனால் காபித்தூள், கிராம்பு, கற்பூரம் என்று மூன்று டப்பாக்கள் தலைமாட்டில் முளைத்தன. காலையில் ஒவ்வொன்றாகத் திறந்து முகர்வார். மூடுவார். நான் தூங்குவதுபோல் கண்ணை மூடியிருப்பேன்.

இப்படி இரண்டு மாதம் போனது. அப்போதுதான், அக்காவின் காய்ச்சலுக்கு முன்பே பயிற்சிக்காக பெல்ஜியம் போயிருந்த ஷாலினி, துண்டில் சுற்றி ஒரு கறுத்த பாட்டிலுடன் வந்து சேர்ந்தாள். வாசலிலேயே வார்டன் மேடம் மடக்கினார்.

“இன்னாமா இது?”

“வினிகர், மேடம். அக்காவுக்கு.”

அக்காவின் புகழ் அப்படி. வார்டன் வழிவிட்டார்.

உள்ளே இருந்தது பீர். ஓக் மரப் பீப்பாயில் ஒன்றரை வருடம் கிடந்து புளித்த பழுப்பு பீர். ஞாயிற்றுக்கிழமை மதியம் வார்டன் ஒரு கல்யாணத்துக்குப் போனதும் மூன்று எவர்சில்வர் டம்ளர்களை வைத்தோம். மது என்றால் காத தூரம் ஓடும் அக்கா, “தொழில்னு வந்துட்டா எல்லாம் சாம்பிள்தான்” என்று வாயைக் கொப்பளித்துவிட்டு உட்கார்ந்தார். ஒரு வாய் உறிஞ்சி, கன்னத்துக்குக் கன்னம் உருட்டினார்.

“தயிரு புளிப்பு ஒண்ணு, வினிகர் புளிப்பு ஒண்ணு. ரெண்டும் சண்டை போடாம இருக்குது. கடைசியில கொஞ்சம் இனிப்பு.”

“செர்ரி ஸ்மெல் வருதாக்கா? உட் ஸ்மெல்?” ஷாலினிக்கு விஷயம் தெரியாது.

“அதெல்லாம் எனக்கு வராதும்மா” என்று அவளுக்கும் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அவளைச் சமாதானப்படுத்தும் மும்முரத்தில் டம்ளர் அக்காவின் கைக்குள்ளேயே இருந்து சூடேறியது. தொண்டை வறண்டு இன்னொரு வாய் குடித்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

“இருடி. பேசாத.”

டம்ளருக்குள் மூக்கை நுழைத்தார்.

“மரம்டி! மழையில நனைஞ்ச மரக்கதவு! பின்னாடி... பேரீச்சம்பழம்!”

அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. தலையணை, சோப்பு டப்பா, செருப்பு ஸ்டாண்டு என்று அறை முழுக்க முகர்ந்தார். பாத்ரூம் பினாயிலை முகர்ந்து சாமி கும்பிட்டார். என் தலையைப் பிடித்து இழுத்து, “நீ தலைக்குக் குளிச்சு நாலு நாள் ஆவுது!” என்று கத்தி, அந்தத் தலையிலேயே முத்தம் கொடுத்தார்.

சத்தம் கேட்டு உள்ளே வந்தார், கல்யாணத்திலிருந்து திரும்பிய வார்டன். பாட்டிலை முகர்ந்து பார்த்து, “இது வினிகரா?” என்றார்.

ருசி விஷயத்தில் அக்காவுக்குப் பொய் வராது. “வினிகராவறதுக்குள்ள அவசரப்பட்டு மூடிட்டாங்க மேடம்” என்றார். வார்டன் பாட்டிலைப் பறித்து வாஷ்பேசினில் கவிழ்த்தார். அந்த வாசனையையும் அக்கா கண்ணை மூடி அனுபவித்தார்.

திங்கட்கிழமை தொழிற்சாலைக்குப் போய் மேனேஜரிடம் உண்மையைச் சொன்னார். “ரெண்டு மாசமா நான் பாஸ் பண்ணினதையெல்லாம் இன்னொரு தபா பாருங்க சார்.” வேண்டாம், வேலை போய்விடும் என்று நாங்கள் இருவரும் கெஞ்சியிருந்தோம். “நான் நல்லா இருக்குதுன்னு சொன்னத நம்பி யாரோ ஒருத்தர் சோத்துல பிசைஞ்சு சாப்பிடறாங்கடி” என்றார். மூன்று மாதம் பேக்கிங் பிரிவில் மூடி திருகினார். பிறகு பழைய நாற்காலிக்கே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

இப்போது நான் ஐயம்பேட்டையில் தனி வீடு எடுத்துத் தங்கியிருக்கிறேன். ஞாயிறுதோறும் அக்கா ஷேர் ஆட்டோவில் சாப்பிட வருகிறார். இன்றைக்கு சாம்பாரில் உப்பை வேண்டுமென்றே கொஞ்சம் குறைத்திருக்கிறேன். குறை சொல்ல ஏதாவது இருந்தால், அக்கா ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிடுவார்.